கல்லுப்பும் தேகநலமும்



"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்னும் பழமொழியை அறியாதார் நம்மிடையே இலர். ஆயினும் அப்பண்டத்தில் இடவேண்டியது எந்த உப்பு, எவ்வளவு உப்பு என்பதை அப்பழமொழி நமக்குக் கூறவில்லை. இக்காலத்தில் குடும்பங்களில் எழும் ஐயம் இதுவே. வைத்தியசாலைக்குச் சென்று திரும்பும் தந்தையாரிடம், "உப்பைக் குறையுங்கள், ஐயா" என்று வைத்தியர் சொல்லியனுப்புகிறார். கருவுற்றிருக்கும் மகளைப் பார்க்க வரும் குடும்பநல மாது, "அயடீன் கலந்த உப்பையே வாங்குங்கள், அம்மா" என்கிறார். படலையடியில் நின்று கதைக்கும் அயலவரோ, "பைக்கற்று உப்பு மருந்து கலந்த உப்பு, நம்முடைய பாட்டன் பாட்டி சாப்பிட்ட கல்லுப்புத்தான் சத்துள்ள உப்பு" என்று அடித்துச் சொல்கிறார். மூவரும் நம் நன்மையை நாடியே பேசுகின்றனர். எவர் சொல்லைக் கேட்பது? இன்றைய பேச்சில் இதனைச் சிறிது ஆராய்வோம். கல்லுப்பு விளையும் மன்னார்க் கரையையே இதற்கு இடமாகக் கொள்வோம்.

மன்னார்த் தீவும் அதன் எதிர்க்கரையும் உப்புக்கென்றே அமைந்த நிலம் எனலாம். கடல் ஆழமற்றது, கரை தாழ்ந்தது, மண் தட்டையானது. ஆண்டு முழுவதிலும் பெய்யும் மழை ஏறக்குறைய 1000 மில்லிமீற்றரே. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வாடைக்காலத்தில் பெய்து ஓய்ந்துவிடும். பின்னர் வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று வீசும். வெயிலும் காற்றும் ஒன்றுகூடிக் கடல்நீரை உறிஞ்சும் அந்த மாதங்களே உப்பு விளையும் பருவம். களப்புகளின் ஓரத்தில் நீர் வற்றும்போது, மனிதர் கை படாமலே வெள்ளைப் படலமாக உப்புப் பூத்துக் கிடப்பதை இக்கரையில் வாழ்வோர் நன்கறிவர்.

உப்பு விளையும் நிலத்தை அளம் என்றும், உப்பு வணிகரை உமணர் என்றும் நம் முன்னோர் வழங்கினர். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றிச் சென்று உள்நாட்டு நெல்லுக்கு மாற்றிய செய்தியைச் சங்கச் செய்யுட்கள் பலவிடத்தும் பேசுகின்றன. பின்னாளில் ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமையாயிற்று. காலடியில் விளைந்து கிடக்கும் உப்பையும் அனுமதியின்றி அள்ளுதல் குற்றமெனப்பட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள வேதாரணியத்தை நோக்கி 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இராஜாஜி அவர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து சென்றது அக்குற்றத்தைச் செய்வதற்காகவே. ஒரு பிடி உப்பு மக்களின் உரிமைக்கு அடையாளமாகிய வரலாறு அது.

இனி, கடல்நீர் உப்பாகும் விதத்தைக் காண்போம். கல்லுப்பின் நன்மை தீமை இரண்டும் இதனுள்ளேதான் அடங்கியிருக்கின்றன.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. "உப்புகள்" என்று பன்மையிற் கூறக் காரணம் உண்டு. நாம் கறிக்கு இடும் சோடியங் குளோரைட்டு அவற்றில் ஏறக்குறைய 27 கிராம். எஞ்சியவை மக்னீசியம், கல்சியம், பொற்றாசியம் முதலிய மூலகங்களின் உப்புகள். இந்நீரைப் பாத்திகளிற் கட்டி வெயிலிற் காயவிடும்போது எல்லாம் ஒருங்கே படிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்துப் படிகின்றன. முதலிற் சுண்ணாம்பு படியும். அடுத்து ஜிப்சம் படியும். நீர் பத்திலொரு பங்காக வற்றிய பின்னரே, அதாவது நீரின் செறிவை அளக்கும் போமே மானியில் 25 பாகை காட்டும் நிலையிலேயே, கறியுப்புப் படிகமாகத் தொடங்கும். 29, 30 பாகை வந்ததும் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். மக்னீசிய உப்புகள் செறிந்த அந்நீர் நாவிற் கடுங்கசப்பாக இருக்கும். அதை வெளியேற்றத் தாமதித்தால் விளைந்த உப்பும் கசந்துபோம்.

ஆகவே உப்பளத்துத் தொழிலாளியின் திறமை, எந்த வேளையில் எந்த நீரைத் திறந்துவிடுவது என்பதைக் கண்டு செய்வதிற் பெரிதும் தங்கியுள்ளது. பாத்தி நீர் செந்நிறம் கொள்வதையும் அவர் கவனிப்பார். செறிந்த உப்புநீரில் மட்டுமே செழித்து வளரும் நுண்ணுயிர்களும் பாசியும் தரும் நிறம் அது. அப்பாசியையும் அதனை உண்ணும் சிறு இறால்களையும் தின்றே பூநாரைகள் தம் சிறகுக்குச் செந்நிறம் பெறுகின்றன.

இவ்வாறு வாரிக் குவித்த உப்பு, வேறு சுத்திகரிப்பு எதுவுமின்றி நம் கைக்கு வருமாயின், அதுவே நாம் பேச எடுத்துக்கொண்ட கல்லுப்பு. நல்ல கல்லுப்பில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் கறியுப்பே உள்ளது. மிச்சம் ஈரமும், சிறிதளவு மக்னீசிய, கல்சிய உப்புகளும், சற்று மண்ணும் ஆகும். மாரிக்காலத்தில் உப்புச் சாடி கசிந்து நீர் விடுவதற்கு மக்னீசியமே காரணம். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். புதிய உப்பை உடனே எடுக்காது, அம்பாரமாகக் குவித்து மூடி ஒரு பருவம் கிடக்கவிட்டுப் பின்னர் விற்கும் பழைய வழக்கத்திற் பொருளுண்டு. பனியும் சிறு தூறலும் பட, கசப்பு நீர் தானாகவே வடிந்துவிடுகிறது. பழைய உப்புக்கு ருசி கூடுதல் என்று கிழவிமார் சொல்வதும் இதுபற்றியே.

நேயர்களே, இப்போது அயலவரின் வாதத்துக்கு வருவோம். கல்லுப்பிற் பல தாதுக்கள் உண்டு என்கிறார் அவர். அது மெய்யே. அத்தாதுக்கள் நம் உடலை வளர்க்கப் போதுமா என்பதே கேள்வி. இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு உண்கிறார் என்க. அவ்வுப்பில் நூற்றுக்கு அரைப் பங்கு மக்னீசியம் இருப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் அவருக்குக் கிடைப்பது 25 மில்லிகிராம். அவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 300 மில்லிகிராமுக்கும் மேல். அரைச் சுண்டு பயற்றில் இதனைப்போற் சில மடங்கு மக்னீசியம் உண்டு. கல்சியத்தின் கதியும் இத்தகையதே. 100 கிராம் குரக்கன் மாவிற் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உள்ளது. அதனை உப்பின் வழியாகப் பெற எண்ணுபவர் அளவுக்கு மிஞ்சி உப்பு உண்ண நேரிடும்! முருங்கையிலையும், குரக்கன் பிட்டும், முள்ளோடு மென்று தின்னும் நெத்தலியும் வீட்டில் இருக்க, சத்துக்காக உப்பை நாடுவது, குளத்தை விட்டுப் பனித்துளியில் தாகம் தீர்க்க முனைவது போலாகும்.

அடுத்தது அயடீன். கடலில் அயடீன் உண்டு; உப்போ கடலிலிருந்து வருகிறது; எனவே கடலுப்பில் அயடீன் நிறைய இருக்கும் என்று பலர் நம்புகின்றனர். கேட்பதற்கு இது பொருத்தமாகத் தோன்றும். உண்மை வேறு. ஒரு லீற்றர் கடல்நீரில் உள்ள அயடீன் ஏறக்குறைய 60 மைக்கிரோகிராமே. ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. நாம் ஒரு நாளில் உண்ணும் 5 கிராம் உப்பு விளைவதற்கு ஒரு லீற்றரில் ஐந்திலொரு பங்கிலும் சற்றுக் குறைவான கடல்நீர் போதும். அந்நீரிலுள்ள அயடீன் ஒரு துகளும் வீணாகாமல் உப்பிற் சேர்ந்தாலும் 11 மைக்கிரோகிராமே கிடைக்கும். வளர்ந்தவர் ஒருவருக்கு வேண்டியது 150. கருவுற்ற தாய்க்கு வேண்டியது 250. மேலும், அந்தப் பதினொன்றும் உப்பிற் சேர்வதில்லை. அதிற் பெரும்பகுதி வெளியேற்றப்படும் கசப்பு நீரோடு போய்விடும்; ஒரு பகுதி காற்றோடு கலந்துவிடும். கடலின் அயடீனைச் சேர்த்து வைத்திருப்பவை மீனும், இறாலும், கடற்பாசியுமே.

அயடீன் குறைந்தால் விளையும் கேடு என்ன? கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி, அயடீனைக் கொண்டே தன் சுரப்பைச் செய்கிறது. அது போதாதபோது சுரப்பி பருத்துக் கண்டக்கழலையாகத் தோன்றும். கண்ணுக்குத் தெரியும் அக்கழலையினும் கொடியது, கண்ணுக்குத் தெரியாத மற்றொரு கேடு. தாயின் உடலில் அயடீன் மிகக் குன்றினால் வயிற்றிலுள்ள சிசுவின் மூளை முழு வளர்ச்சி பெறாது. பிறந்தபின் எத்தனை ஊட்டங் கொடுத்தாலும் அவ்விழப்பை மீட்டல் அரிது. பள்ளியில் மந்தமானவன் என்று ஏச்சு வாங்கும் பிள்ளை, பிறக்கு முன்னரே ஒரு சிட்டிகை மூலகத்தை இழந்த பிள்ளையாகவும் இருக்கலாம்.

இலங்கையில் இந்நோய் பெரும்பாலும் மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியிற் பரவியிருந்தது. வைத்தியர் மகாதேவா அவர்களும் அவருடைய துணைவர்களும் 1960களில் இதனை ஆராய்ந்து எழுதினர். 1986ஆம் ஆண்டளவில் 17 மாவட்டங்களிற் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேரிடம் கழலை காணப்பட்டது. களுத்துறையில் அது நூற்றுக்கு 30ஐ எட்டியது. வரண்ட வடபகுதியில் இந்நோய் குறைவு. நம் பகுதிக் கிணற்று நீரில் அயடீன் கூடுதலாக இருத்தலும், கரையோர மக்கள் மீனை நாள்தோறும் உண்ணுதலும் இதற்குத் துணையாயின. பாட்டன் பாட்டி கல்லுப்பு உண்டும் நலமாக வாழ்ந்தனர் என்றால், அப்பெருமையிற் பெரும்பங்கு அவர்கள் உண்ட மீனுக்கும் குடித்த நீருக்குமே உரியது.

இந்நோய்க்கு உப்பின் வழியாகவே மருந்து காணலாம் என்பதைச் சுவிற்சர்லாந்து 1922ஆம் ஆண்டு முதல் காட்டியது. இந்தியாவில், இமயமலை அடிவாரத்துக் காங்கிராப் பள்ளத்தாக்கில், வைத்தியப் பேரறிஞர் இராமலிங்கசுவாமி அவர்களும் அவர் குழுவினரும் 1956ஆம் ஆண்டில் ஒரு பெரும் சோதனையைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். இரண்டு பகுதிகளுக்கு அயடீன் சேர்ந்த உப்பையும், நடுப்பகுதிக்குச் சாதாரண உப்பையும் வழங்கினர். சில ஆண்டுகள் சென்றபின் பார்த்தபோது அயடீன் பெற்ற இரு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது; மற்றப் பகுதியில் முன்போலவே இருந்தது. பின்னர் அப்பகுதிக்கும் அயடீன் உப்பு வழங்கப்பட, அங்கும் நோய் தணிந்தது. இதனைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

இலங்கையில் 1995ஆம் ஆண்டில் உணவு உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. ஒரு கிலோ உப்பில் 15 முதல் 30 மில்லிகிராம் வரை அயடீன் இருத்தல் வேண்டும் என்பது பிற்காலத்து விதி. அவ்வுப்பில் 5 கிராம் உண்பவருக்கு 75 முதல் 150 மைக்கிரோகிராம் வரை கிடைக்கும். இதனை "மருந்து கலந்த உப்பு" என்று அஞ்சுவதற்கு இடமில்லை. வெயில் எடுத்துச் சென்றதை, அளவறிந்து சேர்க்கும் செயலே இது. தைரொயிட்டு நோய்க்கு ஏற்கெனவே மருந்து உண்போர் மட்டும் தத்தம் வைத்தியரின் சொற்படி நடப்பாராக.

மீன் நிறைந்த மன்னார்க் கரைக்கு இவ்வுப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பேசாலையிலும் வங்காலையிலும் சிலாவத்துறையிலும் நாள்தோறும் மீன்கறி சமைக்கும் வீட்டுக்கு ஆபத்துக் குறைவு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மன்னார் மாவட்டம் என்பது கரை மட்டுமன்று. முருங்கன், மடு முதலிய உட்பகுதிகளில் வயலை நம்பி வாழ்வோர் உளர். கரையிலும், காற்றுக் கடுமையால் வள்ளம் இறங்காத நாட்கள் உண்டு. விலையேற்றத்தால் நல்ல மீனெல்லாம் கொழும்புக்குப் போக, பிடித்தவன் வீட்டில் வெறுங்குழம்பு கொதிக்கும் நாட்களும் உண்டு. சைவ உணவே உண்போரும் உளர். கருவுற்ற ஒரு தாயின் ஒன்பது மாதமும் வள்ளத்தின் வரவை நம்பியிருத்தல் தகுமா?

இனி வைத்தியரின் சொல்லை நோக்குவோம். உப்பிற் பத்துக்கு நாலு பங்கு சோடியம். கல்லுப்பாயினும், பொடியுப்பாயினும், மலையில் வெட்டிய செந்நிற உப்பாயினும் இக்கணக்கில் வேற்றுமை மிகச் சிறிதே. சோடியம் மிகுந்தால் உடலில் நீர் தங்கும். இரத்த அமுக்கம் ஏறும். இருதயமும் சிறுநீரகமும் மூளையின் நாளங்களும் அதன் சுமையைத் தாங்க நேரும். வளர்ந்தவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்டே உப்பு உண்ணல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. அது தேக்கரண்டி ஒன்றுக்குள் அடங்கும். கறியிலும் சோற்றிலும் அப்பளத்திலும் ஊறுகாயிலும் பாணிலும் கருவாட்டிலும் உள்ள உப்பு அனைத்தும் சேர்ந்த அளவு அது. கல்லுப்பு இயற்கையானது என்னும் எண்ணத்தால் ஒரு பிடி கூடப் போடுபவர், இரத்த அமுக்கத்தைத் தாமே வரவேற்கிறார்.

கருவாட்டைப்பற்றித் தனியே ஒரு சொல். மன்னார்க் கருவாட்டின் புகழ் நாடறிந்தது. அதன் உயிர் கல்லுப்பு. மீனிலுள்ள நீரை வெளியே இழுத்து, அழுகச் செய்யும் கிருமிகள் வாழமுடியாதபடி செய்வது உப்பே. ஆனால் கசப்பு நீர் வடியாத புது உப்பை இட்டால், அது மீனின் உள்ளே ஊறுதல் தாமதமாகும், கருவாடும் கசக்கும், மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும். சிலவேளை கருவாட்டின்மேற் காணும் செம்மை, பாத்தி நீரைச் சிவக்கச் செய்யும் நுண்ணுயிர்களோடு ஒத்தவற்றின் வேலையே. ஆதலின் கருவாடு போடுவோர் வடித்து உலர்ந்த சுத்தமான உப்பையே தேர்வாராக. சமைப்போர் கருவாட்டை நீரில் ஊறவைத்து, இருமுறை அலசி, அக்கறிக்கு வேறு உப்பு இடாதிருப்பாராக.

வெயிலில் வலை இழுப்போரும் உப்பளத்திற் பாடுபடுவோரும் வியர்வையில் உப்பை இழப்பதில்லையா என்று கேட்கலாம். இழக்கிறார்கள். ஆயினும் அவர்கள் முதலிற் பெரிதும் இழப்பது நீரையே. அடிக்கடி நீர் அருந்தி, வேளைக்கு உணவும் உண்டால், அவ்வுணவின் உப்பே பெரும்பாலும் அதனை ஈடுசெய்யும். இரத்த அமுக்கமுள்ளவர் தாமாக உப்பைக் கூட்டிக்கொள்ளலாகாது. உப்பு மெய்யாகவே உயிர்காக்கும் மருந்தாகும் வேளை ஒன்றுண்டு. அது வயிற்றோட்டம். குடலின் சுவர் சர்க்கரையையும் சோடியத்தையும் இணைத்து உள்வாங்குகிறது. அவற்றோடு நீரும் உட்செல்கிறது. இவ்வுண்மையைக் கொண்டே ஜீவனிப் பொடி செய்யப்பட்டது. பைக்கற்றிற் சொன்ன அளவு நீரிற் கரைத்துக் கொடுக்கும் அப்பொடி எண்ணிறந்த குழந்தைகளைக் காத்துள்ளது. அங்கும் அளவே முக்கியம்; உப்பு மிகுந்தால் அதுவே குழந்தைக்கு ஆபத்தாகும்.

ஆகவே மூவர் சொல்லையும் சீர்தூக்கினால் தீர்வு எளிது. கல்லுப்பின் ருசியும் கைப்பழக்கமும் வேண்டுமென்போர் அதனைக் கைவிட வேண்டியதில்லை. அயடீன் சேர்த்த கல்லுப்பே கடைகளில் விற்பனையாகிறது. பைக்கற்றின்மேல் அச்சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குக. அவ்வுப்பை நீரிற் கழுவலாகாது. படிகத்தின் மேற்பரப்பில் உள்ள அயடீன் கழுவிய நீரோடு போய்விடும். அடுப்பின் வெக்கையும் ஈரமும் படாத இடத்தில், மூடியுள்ள சாடியில் வைக்க. கறி இறக்கும் வேளையில் உப்பிடுக. கருவாட்டுக்கும் ஐஸ் பெட்டிக்கும் வாங்கிய உப்பு வேறு. சோற்றுக்கு வைத்த உப்பு வேறு என்று இரண்டு சாடி இருக்கட்டும். எந்த உப்பாயினும் இன்று இடுவதிற் சிறிது குறைத்து இடுக. சில வாரங்களில் நாக்கு அதற்குப் பழகிக்கொள்ளும். புளியும் எலுமிச்சையும் இஞ்சியும் அதற்குத் துணை நிற்கும்.

இன்னுமொன்று. போர்க்காலத்திற் கைவிடப்பட்டிருந்த ஆனையிறவு உப்பளம் மீண்டும் தொழிற்பட்டு, 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கே மேசையுப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், பருவந் தவறிய மழையால் விளைச்சல் குன்றி, சுற்றிலும் கடல் சூழ்ந்த இந்நாடு இந்தியாவிலிருந்து உப்பை வருவிக்கவும் நேர்ந்தது. உப்பின் அருமை அப்போது கடைவாசலிலே தெரிந்தது. நம் கரையில் விளையும் உப்பு, நன்கு வடித்து, அயடீன் சேர்த்து, நம் வீடுகளுக்கே வருமாயின் தொழிலாளிக்குக் கூலியும் தாய்க்கும் சேய்க்கும் நலமும் ஒருங்கே கிட்டும்.

ஊடலின் அளவைச் சொல்லவந்த வள்ளுவர், உணவில் உப்பு அமைந்திருப்பதை அதற்கு உவமையாக்கினார்; சற்று மிகுந்தாலும் கெடும் என்றார். அளவறிந்து இடும் கையே வீட்டின் முதல் வைத்தியர். அந்தக் கைகளுக்கு உரியவர்களாகிய தாய்மாரும் சகோதரிகளும் இன்று மாலைச் சமையலுக்கு உப்புச் சாடியைத் திறக்கும்போது இவ்விரண்டையும் நினைவுகூர்வார்களாக: அதில் அயடீன் இருக்க வேண்டும், அள்ளுவது அளவாக இருக்க வேண்டும்.